கூடுதலாகக் கிடைத்த 27 நிமிடம்

ஒன்பதரைக்கே பாயை விரித்துப் படுத்தாகிவிட்டது. பதினொன்றரைக்கு மின்விசிறி நிற்கிறது. ஐந்து நிமிடத்தில் கரண்ட் திரும்பிவிட்டாலும் அதற்குள் கொசு வந்து சேர்ந்துவிடுகிறது. பன்னிரண்டரைக்கு இரண்டாவது ஷிஃப்ட் முடித்து வந்த பக்கத்து வீட்டுக்காரர் பைக்கை ஸ்டாண்ட் போடும் சத்தம். இரண்டு மணிக்குக் குழந்தை சிணுங்குகிறது. மூன்றேகாலுக்குத் தெருமுனையில் நாய்களின் பஞ்சாயத்து. நான்கரைக்குத் தண்ணீர் லாரி வர, குடங்கள் உருளத் தொடங்குகின்றன. ஐந்தரைக்கு எழுந்து உட்கார்ந்தால் கணக்குப்படி எட்டு மணி நேரத் தூக்கம். உடம்பு மட்டும் அந்தக் கணக்கை ஏற்க மறுக்கிறது.

சென்னையில் இப்படிப்பட்ட வீடுகளில் தூங்கி எழும் 452 பேரின் மணிக்கட்டில் கைக்கடிகாரம் போன்ற ஒரு கருவியைக் கட்டிப் பார்த்தார்கள் ஐந்து பொருளாதார ஆய்வாளர்கள்: பெட்ரோ பெசோனி, கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட், மேட்டி டோமா. ஆக்டிகிராஃப் என்று பெயர்கொண்ட அந்தக் கருவிக்குத் தெரிந்ததெல்லாம் அசைவு மட்டும்தான். கை அசையாமல் கிடந்தால் தூக்கம், புரண்டால் விழிப்பு என்று நிமிடத்துக்கு நிமிடம் குறித்துக்கொண்டே போகும். 2021இல் வெளியான அந்த ஆய்வின் முதல் எண்ணே திடுக்கிட வைப்பது. படுக்கையில் கழிந்தது சராசரியாக எட்டு மணி நேரம். அதில் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். மிச்சம் இரண்டரை மணி நேரம் விழிப்பிலும் புரளலிலும் சிறுகச் சிறுகக் கரைந்திருந்தது.

அடுத்துச் செய்ததுதான் சுவாரசியம். அவர்களுக்குக் கணினியில் தரவு உள்ளிடும் வேலையை ஒரு மாதத்துக்குக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்குக் கண்மூடி, காதடைப்பான், மெத்தை, மின்விசிறி போன்றவற்றைக் கொடுத்து, தூக்கம் பற்றிய ஆலோசனையும் சொன்னார்கள். நன்றாகத் தூங்கினால் பணம் என்றுகூடச் சிலருக்கு ஆசை காட்டினார்கள். பலன் கிடைத்தது. இரவுத் தூக்கம் சராசரியாக 27 நிமிடம் கூடியது. மாத்திரை எதுவும் கொடுக்காமல் தூக்கத்தை இவ்வளவு கூட்டுவது சின்ன விஷயமில்லை. இனி வேலையில் வேகம் கூடும், கவனம் கூர்மையாகும், மனம் தெளியும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். முன்கூட்டியே கருத்துக் கேட்கப்பட்ட நிபுணர்களும் அப்படித்தான் கணித்திருந்தார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. வேலைத் திறன், கவனம், மனநிலை என எதிலும் கண்டறியக்கூடிய முன்னேற்றம் இல்லை. தூங்கிய நேரம் கூடியதால் வேலை செய்த நேரம்தான் கொஞ்சம் குறைந்தது.

இதைப் படித்துவிட்டு, தூக்கத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் மிகை என்று முடிவுகட்டுகிறவர்களும் உண்டு. ஆய்வாளர்களே முன்வைத்த விளக்கங்களில் ஒன்று வேறு மாதிரியானது. ஏற்கெனவே கிழிந்து கந்தலாக இருக்கும் தூக்கத்தோடு இன்னும் 27 நிமிடக் கந்தலைச் சேர்த்துத் தைத்தால் அது போர்வையாகிவிடுமா? அந்த விளக்கத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று பார்க்க, முழுத் தூக்கத்தில் உடம்பு என்னதான் செய்கிறது என்பதற்குள் போக வேண்டும்.

*

தூக்கம் என்றால் விளக்கை அணைத்ததுபோல மூளை அணைந்துபோவது என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் 1924இல் மனித மண்டையின் மேல் மின்முனைகளைப் பொருத்தி மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தார். அதன் பிறகு தூங்கும் மூளையையும் காகிதத்தில் வரைந்து பார்க்க வழி பிறந்தது. ஆனாலும் இரவு முழுக்க யார் உட்கார்ந்து பதிவு செய்வது? தூங்குகிறவரிடம் பார்க்க என்ன இருக்கப்போகிறது?

சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற மாணவர் அந்த அலுப்பான வேலையைச் செய்தார். கட்டடத்தின் அடித்தளத்தில் தூசி படிந்து கிடந்த ஒரு பழைய பதிவுக் கருவியைத் தேடிப் பிடித்து ஓட்டினார். ஓர் இரவுக்குக் கிட்டத்தட்ட அரை மைல் நீளக் காகிதம் செலவானது. பரிசோதனைக்கு அகப்பட்டவன் அவருடைய எட்டு வயது மகன் ஆர்மண்ட். நள்ளிரவு தாண்டியதும் பேனா முட்கள் திடீரென்று தாறுமாறாக ஆடின. பையன் விழித்துவிட்டான் போல என்று உள்ளே போய்ப் பார்த்தால் அவன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். மூடிய இமைகளுக்குள் கண்கள் மட்டும் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தன. 1953இல் அசெரின்ஸ்கியும் அவருடைய ஆசிரியர் நதானியேல் கிளைட்மனும் இதை உலகுக்கு அறிவித்தார்கள். கனவுகள் செழிக்கும் அந்தத் துரிதக் கண்ணசைவுத் தூக்கத்தில் மூளை விழித்திருக்கும்போது இருப்பதற்குச் சற்றும் குறையாத சுறுசுறுப்போடு இருக்கிறது என்பது அன்றைக்குப் பலருக்கும் நம்ப முடியாத செய்தி.

அதன் பிறகு இரவின் வரைபடம் மெல்லத் தெளிவானது. கண் சொக்கியதும் முதலில் மேலோட்டமான தூக்கம். கூப்பிட்டால் 'தூங்கலையே' என்று பதில் சொல்லும் கட்டம். அங்கிருந்து படிப்படியாக ஆழத்துக்கு இறங்கும்போது மூளையின் அலைகள் வேகம் குறைந்து, உயரம் கூடி, கடலின் பெரிய அலைபோல நொடிக்கொன்று என்ற கணக்கில் எழுந்து விழுகின்றன. ஆழ்தூக்கம் இதுதான். பிறகு மேலேறி வந்து கொஞ்ச நேரம் கனவுத் தூக்கம். இந்தச் சுற்று முடிய ஏறக்குறைய 90 நிமிடம் ஆகும். ஓர் இரவில் நான்கைந்து சுற்றுகள். எல்லாச் சுற்றும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஆழ்தூக்கத்தின் பெரும்பகுதி இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே தீர்ந்துவிடும். கனவுத் தூக்கம் விடியலை ஒட்டிக் குவியும். அலாரம் வைத்து எழுகிறவர்கள் பாதிக் கனவில் எழுவதற்குக் காரணம் இதுவே.

ஆழ்தூக்கத்தின்போது உடம்பு பட்டறை திறக்கிறது. இதயத் துடிப்பு தணிகிறது. இரத்த அழுத்தம் பகலில் இருப்பதைவிடப் பத்து முதல் இருபது சதவீதம் இறங்குகிறது. வளர்ச்சி ஹார்மோன் ஒரே வீச்சில் பெருமளவு சுரப்பது தூங்கத் தொடங்கிய முதல் ஆழ்தூக்கத்தோடு ஒட்டித்தான் என்பதை 1968இலேயே கண்டறிந்தார்கள். பெயரைப் பார்த்து அது குழந்தைகள் வளர்வதற்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. பெரியவர்களுக்குத் தசையையும் தோலையும் எலும்பையும் பழுதுபார்ப்பதில் அதற்குப் பங்கு உண்டு. தூங்கப் போவதைத் தள்ளிப்போட்டால் அந்தச் சுரப்பும் தள்ளிப்போகிறது.

சரி, நேரத்தைக் குறைக்காமல் இந்த ஆழத்தை மட்டும் திருடிவிட்டால்? சிகாகோவிலேயே எஸ்ரா தசாலியின் குழு 2008இல் இதைச் செய்து பார்த்தது. ஆரோக்கியமான ஒன்பது இளைஞர்கள், மூன்று இரவு. மூளையலைகள் ஆழ்தூக்கத்தைத் தொடும் நேரமாகப் பார்த்து ஒலிபெருக்கியில் ஒரு சத்தம் கொடுத்தார்கள். எழுப்பிவிடும் அளவுக்கு உரத்த சத்தமில்லை. ஆழத்திலிருந்து மேலோட்டத்துக்குக் கிளப்பிவிடும் அளவுதான். ஓர் இரவில் இருநூறு தடவைக்கு மேல் இப்படிச் செய்தார்கள். மொத்தத் தூக்க நேரம் குறையவே இல்லை. மூன்றாம் நாள் பார்த்தால் இன்சுலினுக்கு உடம்பு செவிசாய்க்கும் திறன் சுமார் 25 சதவீதம் விழுந்திருந்தது. எட்டு முதல் பதின்மூன்று கிலோ வரை எடை கூடினால் வரக்கூடிய சரிவு அது என்று ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். சோறும் அதே சோறு, ஆளும் அதே ஆள். காதில் விழுந்தும் விழாமலும் போன சில நூறு சத்தங்கள் செய்த வேலை.

தெருநாயும் தண்ணீர் லாரியும் செய்வது ஏறக்குறைய இதைத்தான்.

மனத்தின் பக்கத்தை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பேட்ரிக் ஃபைனன் 2015இல் சோதித்தார். 62 பேரில் ஒரு குழுவை இரவில் பல தடவை எழுப்பினார்கள். இன்னொரு குழுவைத் தாமதமாகப் படுக்க வைத்தார்கள். ஆனால் படுத்த பிறகு தொந்தரவு செய்யவில்லை. மூன்றாவது குழு நிம்மதியாகத் தூங்கியது. முதல் இரண்டு குழுக்களும் மொத்தத்தில் தூங்கியது ஏறத்தாழ ஒரே அளவுதான். இரண்டு இரவு கழித்துக் கேட்டபோது, தாமதமாகப் படுத்தவர்களின் உற்சாகம் 12 சதவீதம் குறைந்திருந்தது. எழுப்பி எழுப்பித் தூங்க வைக்கப்பட்டவர்களுக்கு 31 சதவீதம். கைக்குழந்தை உள்ள வீட்டில் தாய்மாரைக் கேட்டிருந்தால் ஆய்வுக்கூடம் இல்லாமலே இதைச் சொல்லியிருப்பார்கள்.

*

'எனக்கு அஞ்சு மணி நேரம் போதும் சார், பழகிடுச்சு' என்பது பெருமையாகச் சொல்லப்படும் வாக்கியம். அரசியல்வாதியின் வாழ்க்கை வரலாற்றிலும் தொழிலதிபரின் பேட்டியிலும் இது தவறாமல் இடம்பெறும். குறைந்த தூக்கத்திலேயே நலமாக இருப்பவர்கள் உண்மையிலேயே உண்டு. டெக்2 என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தோடு பிறந்து, ஆறு மணி நேரத்தையொட்டிய தூக்கத்தோடு தெம்பாக எழும் ஒரு தாயையும் மகளையும் பற்றி யிங்-ஹுய் ஃபூவின் குழு 2009இல் எழுதியது. ஆனால் அது அபூர்வம். 'பழகிடுச்சு' என்கிற மற்றவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதை ஹான்ஸ் வான் டோங்கனும் டேவிட் டிஞ்சஸும் 2003இல் காட்டினார்கள். 48 பேரைப் பிரித்துச் சிலருக்கு நான்கு மணி நேரம், சிலருக்கு ஆறு, சிலருக்கு எட்டு என்று இரண்டு வாரம் தூங்கவிட்டார்கள். திரையில் புள்ளி தோன்றியதும் பொத்தானை அழுத்த வேண்டும், தேர்வு அவ்வளவுதான். ஆறு மணி நேரக்காரர்களின் கவனம் நாளுக்கு நாள் தேய்ந்து, இரண்டாம் வார முடிவில் ஓரிரு இரவுகள் கண்ணே மூடாதவர்களின் நிலைக்கு வந்திருந்தது. அதைவிட முக்கியமானது, அவர்களுக்கே அது தெரியவில்லை என்பது. முதல் சில நாள் தூக்கம் வருகிறது என்றவர்கள் பிறகு அப்படியொன்றும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். தூக்கக் குறைவு முதலில் பறித்துக்கொள்வது, தூக்கம் போதவில்லை என்று உணரும் திறனைத்தான் போலிருக்கிறது.

சளிக்கும் இதற்கும் உள்ள தொடர்பு இன்னும் நேரடியானது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் 164 பேரின் மணிக்கட்டில், சென்னையில் கட்டியது போன்ற அசைவுமானியை ஒரு வாரம் கட்டித் தூக்கத்தை அளந்தார்கள். பிறகு அவர்களை ஒரு ஹோட்டலில் தங்கவைத்து மூக்கில் சளி வைரஸைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். எல்லோருக்கும் ஒரே வைரஸ். ஐந்து நாள் அடைத்துவைத்து, மூக்கைச் சிந்திப் போட்ட காகிதங்களைக்கூடச் சேகரித்து எடைபோட்டார்கள்! அறிவியலுக்காக மனிதர்கள் செய்யும் வேலைகளுக்கு அளவே இல்லை. ஏரிக் பிரேதரின் குழு 2015இல் வெளியிட்ட முடிவு இதுதான்: ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களோடு ஒப்பிட்டால், ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல். வயது, வருமானம், புகைப்பழக்கம், மன அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது.

தடுப்பூசியிலும் இதே கதை. 2002இல் கரீன் ஸ்பீகலும் ஈவ் வான் காட்டரும், சில நாள் நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கவிடப்பட்ட இளைஞர்களுக்கு ஃப்ளூ ஊசி போட்டார்கள். பத்தாம் நாளில் அவர்கள் இரத்தத்தில் உருவாகியிருந்த எதிர்ப்புப் பொருள், வழக்கம்போலத் தூங்கியவர்களிடம் இருந்ததில் பாதிகூட இல்லை. மூன்று நான்கு வாரத்தில் அந்த இடைவெளி மறைந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உடம்பு விட்டதைப் பிடிக்கப் பார்க்கும். ஆனால் கிருமி அதுவரை காத்திருக்குமா என்பதே கேள்வி.

தூக்கத்தை முற்றாகப் பறித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிகாகோவின் ஆலன் ரெக்ட்ஷாஃபன் 1980களில் செய்த எலிச் சோதனைதான் இன்றும் மேற்கோள். தண்ணீருக்கு மேலே ஒரு சுழல் தட்டு, அதில் நடுவே தடுப்பு வைத்து இரண்டு எலிகள். ஒன்று தூங்கத் தொடங்கியதும் தட்டு சுழலும். நடக்காவிட்டால் தண்ணீரில் விழ வேண்டியதுதான். மற்ற எலிக்கும் அதே சுழற்சி, அதே நடை. ஆனால் தட்டு நிற்கும்போது அது தூங்கிக்கொள்ளலாம். தூக்கம் பறிக்கப்பட்ட எலிகள் வழக்கத்தைவிட அதிகமாகத் தின்றன, ஆனாலும் இளைத்தன. பாதத்திலும் வாலிலும் ஆறாத புண்கள் வந்தன. உடல் வெப்பம் இறங்கியது. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் எல்லாம் செத்துப்போயின. அறுத்துப் பார்த்தும் சாவுக்கு ஒரு தெளிவான காரணம் அகப்படவில்லை.

அந்தப் புதிருக்கு ஒரு துப்பு 2020இல் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஹார்வர்டில் டிராகனா ரொகுல்யாவின் குழு தூங்கவிடாத பழ ஈக்களின் உடம்பை உறுப்பு உறுப்பாகத் தேடியது. எல்லோரும் மூளையைப் பார்க்க, சேதம் குடலில் இருந்தது. உயிரணுக்களை அரிக்கும் ஒருவகை ஆக்சிஜன் சேர்மங்கள் அங்கே குவிந்து கிடந்தன. தூக்கம் பறிக்கப்பட்ட சுண்டெலிகளின் குடலிலும் அதே குவிப்பு. அந்தச் சேர்மங்களை முறிக்கும் பொருள்களை ஈக்களுக்குக் கொடுத்தபோது, அவை தூங்காமலேயே வழக்கமான ஆயுளை வாழ்ந்தன. ஈக்குப் பொருந்துவது மனிதனுக்குப் பொருந்தும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இராக்கண் விழித்த மறுநாள் 'வயிறு சரியில்லை' என்று சொல்லும் நம்மூர் வழக்கத்தை இனி அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

மூளையைத் தூக்கம் கழுவிவிடுகிறது என்ற செய்தி இதைவிடப் புகழ்பெற்றது. மைக்கன் நெடர்கார்டின் குழு 2013இல், தூங்கும் சுண்டெலிகளின் மூளையில் உயிரணுக்களுக்கு இடையிலான இடைவெளி சுமார் 60 சதவீதம் விரிவதாகவும், அதன் வழியே திரவம் ஓடிக் கழிவை அடித்துச் செல்வதாகவும் எழுதியது. அழகான படிமம், அதனால் எல்லா மேடையிலும் ஏறிவிட்டது. 2024இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியிலிருந்து நிக் ஃபிராங்க்ஸின் குழு, தூக்கத்தில் அந்த வெளியேற்றம் உண்மையில் குறைகிறது என்று நேரெதிரான முடிவை வெளியிட்டது. வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. தீர்ப்பு வருவதற்கு முன்னால் மூளைக் கழுவலைக் காட்டித் தலையணை விற்பவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

*

குறட்டை விடுகிறவரைப் பார்த்து 'எப்படி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறார் பாரு' என்று பொறாமைப்படாத வீடு இல்லை. தூக்க மூச்சுத்தடை உள்ளவர்களின் குறட்டைக்கு நடுவே ஒரு மௌனம் வரும். பத்து விநாடி, இருபது விநாடி, சில நேரம் அதற்கும் மேலே. தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுக்குழாய் மூடிக்கொண்ட நேரம் அது. இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறி எழுப்புகிறது, பெரிய உறுமலோடு மூச்சு திரும்புகிறது. கடுமையான நோய் உள்ளவருக்கு இது மணிக்கு முப்பது தடவைக்கு மேல் நடக்கும். காலையில் எதுவும் நினைவிருக்காது; தலைவலியும் நாள் முழுக்கக் கொட்டாவியும் மட்டும் மிஞ்சும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் மருந்துக்குக் கட்டுப்படாமல் அடம்பிடிக்கும்போது பின்னணியில் இந்தக் குறட்டை இருக்கிறதா என்று மருத்துவர் கேட்பது அதனால்தான்.

1980 வரை இதற்கு உருப்படியாக இருந்த சிகிச்சை, கழுத்தில் துளை போட்டு அதன் வழியே மூச்சுவிட வைப்பது. அந்த ஆண்டு சிட்னியில், துளைக்குச் சம்மதிக்க மனமில்லாத ஒரு நோயாளியிடம் காலின் சலிவன் என்ற மருத்துவர் வேறொரு யோசனை சொன்னார். காற்றை ஊதும் ஒரு மோட்டார், ஒரு குழாய், மூக்கில் ஒட்டும் ஒரு மூடி. உள்ளே போகும் காற்றின் அழுத்தமே தொண்டையைத் திறந்து வைத்திருக்க வேண்டும். வேலை செய்தது. அழுத்தத்தைக் கூட்டினால் மூச்சு சீராகும், குறைத்தால் மறுபடி அடைக்கும். விளக்கை ஏற்றி இறக்குவதுபோல. 1981இல் ஐந்து நோயாளிகளைப் பற்றி அவர் லான்செட் இதழில் எழுதினார். இன்று உலகம் முழுக்கக் கட்டிலருகே மெல்ல இரைந்துகொண்டிருக்கும் சிபேப் கருவியின் பிறப்பு அதுதான்.

'ரெண்டு பெக் போட்டால் தூக்கம் தானா வரும்' என்பதிலும் இதே ஏமாற்று உண்டு. மது சீக்கிரம் தூங்க வைக்கும், பொய்யில்லை. இரவின் முன்பாதியில் கனவுத் தூக்கத்தை அமுக்கி, போதை வடிகிற பின்பாதியில் தூக்கத்தைக் கலைத்துப்போடும். தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திக் குறட்டையையும் ஏற்றிவிடும்.

*

தூக்கம் மிக அதிகமாகத் தேவைப்படும் இடத்திலேயே அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்பது இந்தக் கதையின் விசித்திரமான பகுதி. அந்த இடம் மருத்துவமனை.

எந்த ஊர் வார்டிலும் இரவைக் கழித்தவர்களுக்குத் தெரியும். டியூப் லைட் அணைவதே இல்லை. பன்னிரண்டு மணிக்கு ஊசி. இரண்டு மணிக்குப் பக்கத்துக் கட்டிலின் டிரிப்ஸ் பம்ப் 'பீப்' என்று கத்த, சிஸ்டர் வரும்வரை ஆறு பேர் விழித்துக் கிடக்கிறார்கள். கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கும் துணையாளின் செல்போன். நான்கு மணிக்கு இரத்தம் எடுக்க ஆள். நான்கரைக்குத் துடைப்பமும் பினாயில் வாசனையும். கண்ணைக் கட்டும் நேரத்தில் ரவுண்ட்ஸ். தீவிர சிகிச்சைப் பிரிவில் நிலைமை இன்னும் மோசம். அங்கே கிடப்பவர்களின் தூக்கத்தை மூளையலை வைத்து அளந்த ஆய்வுகள், அது இருபத்துநான்கு மணி நேரத்திலும் துண்டு துண்டாகச் சிதறியிருப்பதையும், ஏறக்குறைய பாதி பகலில் நிகழ்வதையும், ஆழ்தூக்கம் அநேகமாக இல்லாமலே போவதையும் காட்டியிருக்கின்றன. இரவில் நோயாளி 30 டெசிபலுக்கு மேல் சத்தம் கேட்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். கிசுகிசுப்பான பேச்சின் அளவு அது.

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் வெளியான தம் செவிலியர் கையேட்டில் சத்தத்துக்கென்றே ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கினார். தேவையில்லாத சத்தத்தை நோயாளிக்குச் செய்யும் கொடுமையாகவே அவர் கருதினார். முதல் தூக்கத்தில் எழுப்பப்பட்ட நோயாளிக்கு அந்த இரவில் மறுபடி தூக்கம் வராது என்றும் கண்டு எழுதினார். மூளையலையைப் பதிவு செய்யும் கருவி வர இன்னும் அறுபத்தைந்து ஆண்டு இருந்த காலம். ஆழ்தூக்கம் முன்னிரவில் குவிகிறது என்பதைக் கையில் விளக்கோடு நடந்தே கண்டுபிடித்துவிட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது.

தழும்பிலும் புண்ணிலும் நேரம் எப்படிப் புகுந்து விளையாடுகிறது என்பதற்கு 2017இல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ஆய்வு நல்ல சாட்சி. ஜான் ஓநீலின் குழு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தீக்காயப் பிரிவுகளில் சேர்ந்த 118 பேரின் பதிவுகளைப் புரட்டியது. பகலில் சுட்டுக்கொண்டவர்களுக்குக் காயம் ஆறச் சராசரியாக 17 நாள். இரவில் சுட்டுக்கொண்டவர்களுக்கு 28 நாள். அடுப்பு அதே அடுப்பு, தோல் அதே தோல். காயத்துக்கு ஓடிவந்து சதை கட்டும் ஃபைப்ரோபிளாஸ்ட் உயிரணுக்களுக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. பகலில் அவை சுறுசுறுப்பாக நகர்கின்றன, இரவில் சோம்புகின்றன. கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணுக்களிலும் அதே வித்தியாசம் தெரிந்தது. இது தூக்கத்தின் நேரடி வேலை அன்று. ஆனால் தூக்கத்தையும் இந்தக் கடிகாரங்களையும் மூளையில் சுமார் இருபதாயிரம் நரம்பணுக்கள் கொண்ட ஒரே தலைமைக் கடிகாரம்தான் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துத் திருத்துகிறது. விடிய விடிய டியூப் லைட் எரியும் வார்டில் அது எதைப் பார்த்துத் திருத்தும்?

கட்டிலில் கிடப்பவர் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவரும் தூங்கவில்லை. பாஸ்டனில் கிறிஸ்டோஃபர் லாண்ட்ரிகனின் குழு 2004இல் பயிற்சி மருத்துவர்களைப் பின்தொடர்ந்து கணக்கெடுத்தது. இருபத்துநான்கு மணி நேரத்தைத் தாண்டி நீளும் வழக்கமான டியூட்டி முறையில் வேலை பார்த்தபோது, பணிநேரம் குறைக்கப்பட்ட முறையைவிட 35.9 சதவீதம் கூடுதலாகக் கடும் தவறுகள் செய்தார்கள். அதே ஆட்கள்தான், டியூட்டி அட்டவணை மட்டும் வேறு.

திருத்துவதற்குப் பெரிய செலவும் இல்லை. சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனையில் வினீத் அரோராவின் குழு, இரவில் தேவையில்லாமல் இரத்த அழுத்தம் பார்ப்பதையும் அகாலத்தில் மருந்து கொடுப்பதையும் குறைக்கும்படி கணினிப் பதிவேட்டிலேயே மருத்துவர்களுக்கு ஒரு நினைவூட்டலை வைத்தது. செவிலியருக்கும் பயிற்சி கொடுத்தது. இரவில் அறைக்கதவு திறக்கப்படும் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. கண்மூடியும் காதடைப்பானும் தீவிர சிகிச்சைப் பிரிவில் மனக்குழப்பம் வருவதைக் குறைப்பதாக வேறு பல ஆய்வுகள் சொல்கின்றன. சென்னை வீடுகளில் தோற்ற அதே கண்மூடி, அதே காதடைப்பான்!

*

சென்னைச் சோதனையில் சொல்லாமல் விட்ட ஒரு பாதி இருக்கிறது. சிலருக்கு இரவைத் தொடாமல், வேலையிடத்திலேயே மதியம் அரை மணி நேரம் படுத்துக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தார்கள். வெயிலில்லாத, சத்தம் குறைந்த இடம், படுக்கை, கொஞ்சம் தனிமை. மற்றவர்களில் சிலர் அந்த நேரத்தில் தூங்காமல் இடைவேளை எடுத்தார்கள்; சிலர் வேலையைத் தொடர்ந்தார்கள். இரவின் 27 நிமிடம் செய்யாததை மதியத்தின் குட்டித்தூக்கம் செய்தது. வேலையில் வேகமும் கவனமும் கூடின, மனநிலை தெளிந்தது. நாளைக்குக் கிடைக்கப்போகும் பெரிய தொகைக்காக இன்றைய சிறிய தொகையை விட்டுவைக்கும் பொறுமையும் கூடியது.

கூலிக் கணக்கு மட்டும் இடித்தது. சும்மா இடைவேளை எடுத்தவர்களைவிடத் தூங்கியவர்கள் அதிகம் சம்பாதித்தார்கள். ஆனால் அந்த அரை மணி நேரமும் தட்டச்சு செய்துகொண்டே இருந்தவர்களைவிடக் குறைவாகச் சம்பாதித்தார்கள். தூக்கம் கொடுத்த வேகம், தூங்கிய நேரத்தின் கூலியை ஈடுகட்டப் போதவில்லை. முதலாளி மதியத் தூக்கத்துக்குக் கட்டில் போடாததற்கும், தொழிலாளியே அதைக் கேட்காததற்கும் ஒரு காரணம் இந்த வரியில் ஒளிந்திருக்கிறது.

ஆனாலும் இரண்டு மணி வெயிலில் ஏதாவது ஓர் ஆட்டோ ஸ்டாண்டைக் கடந்து போனால் ஓரத்தில் நிற்கும் வண்டியின் பின்சீட்டிலிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முகத்தில் துண்டு, நெஞ்சின் மேல் கைபேசி. வரிசையில் அவர் முறை வந்துவிட்டது. சவாரி கேட்டு வந்த பெண்மணியிடம் அடுத்த வண்டிக்காரர் உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் தன் ஆட்டோவைக் கையாலேயே தள்ளி முன்னால் கொண்டுவருகிறார்.